பேச்சுப் பிந்தும் பிள்ளை

கடைக் கணக்கை நாள்தோறும் பார்க்கும் நம்மவருள் சிலர், பிள்ளை பேசப் பிந்தினால் மட்டும், “வாப்பாவும் பிந்தித்தான் பேசினார்” என்று காத்திருக்கின்றனர். 12 மாதமாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமலும், 18 மாதமாகியும் ஒரு சொல்லேனும் பேசாமலும் இருந்தால் காத்திருத்தல் கூடாது. மூளை மிக விரைந்து வளர்வது முதல் மூன்றாண்டுகளில்தான். அப்போது தரும் பயிற்சிக்கே பலன் அதிகம்.

முதலில் செவியைச் சோதிக்க வேண்டும்; கேளாத பிள்ளைக்குப் பேச்சு எவ்வாறு வரும்? பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உள்ளோர், தடுப்பூசிக்குச் செல்லும் அரசாங்கக் கிளினிக்கிலேயே, 18 மாதத்தில் ‘எம்-சாட்’ என்னும் கேள்வித்தாளை நிரப்பலாம். சமூகநல இலாகா 1984இல் திரெங்கானுவில் தொடங்கிய பி.டி.கே. பயிற்சி நிலையங்கள் இன்று நாடெங்கும் உள்ளன.

பிறர் அமானிதத்தைப் பேணும் வியாபாரிகளே, பிள்ளையும் அமானிதமே. வெட்கி மறைக்காதீர், இம்மாதமே காட்டுங்கள்.