பெயர் ஏட்டில், இராகம் நாவில்

வசந்தா என்ற இராகத்தை இசை பயிலும் மாணவியராகிய நாம் அறிவோம். அதே பெயர் கொண்ட இராகம் ஒன்று ஒடிசா மாநிலத்தின் ஒடிசி இசையிலும் தொன்றுதொட்டு வழங்குகிறது. அதன் வரலாறு நமக்கு ஒரு நல்ல பாடம்.

12ஆம் நூற்றாண்டில் ஜெயதேவர் வடமொழியில் கீத கோவிந்தம் பாடினார். 12 சருக்கங்களும் 24 பாடல்களும் கொண்ட அந்நூலில், ஒவ்வொரு பாடலுக்கும் இராகம் குறிக்கப்பட்டுள்ளது. மூன்றாம் பாடல் வசந்த இராகத்துக்கு உரியது. கிராம்புக் கொடியைத் தழுவி வரும் மலயக் காற்றும், வண்டுகளின் ரீங்காரமும், குயிலின் கூவலும் நிறைந்த இளவேனிலை அது பாடுகிறது. மலயம் தென்னாட்டு மலை. ஆகவே அக்காற்று நம் தென்றலே அன்றோ!

பூரி ஜகந்நாதர் ஆலயத்தில் இப்பாடல்களுக்குத் தனி இடம் உண்டு. படையல் வேளையில் கீத கோவிந்தமே ஆடிப் பாடப்பட வேண்டும், வேறு பாடலைக் கற்கலாகாது என்று 1499ஆம் ஆண்டில் பிரதாபருத்திர மன்னர் கல்வெட்டில் ஆணையிட்டார்.

பாடல் கல்லாணையால் காக்கப்பட்டது. இராகமோ? ஏட்டில் இருப்பது அதன் பெயர் மட்டுமே. சுரக் குறிப்பு இல்லை. பெயரை மட்டும் நம்பவும் இயலாது. நம் கருநாடக இசையின் வசந்தாவில் பஞ்சமம் கிடையாது. மத்தியமம் சுத்த மத்தியமமே. இந்துஸ்தானி இசையின் பசந்திலோ பிரதி மத்தியமமே ஓங்கி ஒலிக்கும். பெயர் ஒன்று, உருவம் வேறு. அப்படியாயின் ஒடிசி வசந்தத்தின் உருவத்தை எங்கே தேடுவது? மர்தள முழக்கத்தோடு குரு பாட, சீடர் கேட்டுப் பாடிய வழியில்தான்.

அவ்வாலயத்தில் ஆடிப் பாடிய பெண்கள் மகாரிகள் எனப்பட்டனர். அவர்களுள் இறுதியானவராகக் கருதப்பட்ட சசிமணி தேவி 2015இல் மறைந்தார். எழுநூறு நூல்களை வைத்திருந்தாலும், பாடிக் காட்டும் ஒரு குரல் அடங்கிவிட்டால் இழப்பு இழப்புதானே? நற்பேறாக, ஆலயத்துக்கு வெளியே ஒடிசிப் பாடகர்கள் அப்பாடல்களை மேடையேற்றினர். ரகுநாத் பாணிகிராகி சென்னையில் கிட்டிய திரையிசை வாய்ப்புகளை விட்டு, மனைவி சம்யுக்தாவின் ஒடிசி நடனத்துக்குக் கீத கோவிந்தம் பாடினார்.

தோழியரே, நம் பாட்டிமாரின் தாலாட்டுகளுக்கும் சுரக் குறிப்பு இல்லை. சொற்களை எழுதி வைத்தால் மட்டும் போதாது. அவர்கள் பாடும்போது அருகிலிருந்து கேட்போம்; கேட்டதைப் பாடிப் பழகுவோம். ஏடு பெயரைக் காக்கும். இராகத்தைக் காப்பது நாம்தான்.