கோடைக்கால ஆய்வு வாய்ப்பும் கல்லூரி மாணவரும்

பட்டம் பெற்ற பின்னரே எதிர்காலத்தைக் குறித்து எண்ண வேண்டும் என்னும் கருத்து நம் இல்லங்களில் இன்றும் வேரூன்றி நிற்கிறது. அதனால் படிப்பின் நடுவே வரும் கோடை விடுமுறைகள் வீணே கழிகின்றன. அவ்விடுமுறைக்கென்றே அமைந்த வாய்ப்பு ஒன்றை இங்கு எடுத்துக்கொள்வோம்.

1934-இல் சர் சி.வி. இராமன் பெங்களூரில் நிறுவியது இந்திய அறிவியல் அகாதமி. (அதே ஊரிலுள்ள இந்திய அறிவியல் கழகம் வேறு, இரண்டையும் ஒன்றென மயங்கலாகாது.) இது பிற தேசிய அகாதமிகளுடன் இணைந்து கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டத்தை நடத்தி வந்துள்ளது. தேர்வு பெறுவோர் இரண்டு திங்கள் ஓர் அறிஞரின்கீழ் ஆய்வகத்தில் பயில்வர். ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம் என்பதைப் பலர் அறியார்.

கோடை என்னும் பெயரை நம்பி மார்ச்சில் தேடுவோர் ஏமாறுவர். விண்ணப்பம் கோரப்படுவது முந்தைய ஆண்டின் இறுதி மாதங்களில். தீபாவளிக்கு முன்பிருந்தே அகாதமியின் இணையதளத்தைப் பார்த்து வருதல் நன்று.

மதிப்பெண்களோடு, விண்ணப்பிக்கும் காரணத்தை விளக்கும் சிறு குறிப்பும் எழுத வேண்டும். இங்கேதான் நம் மாணவர் சறுக்குகின்றனர். "சிறுவயது முதலே எனக்கு அறிவியலில் ஆர்வம் உண்டு" என்பதை யாரும் எழுதலாம். வந்தவாசிப் பக்கத்து மாணவி ஒருத்தி, "எங்கள் நிலத்து வேர்க்கடலைச் செடியின் வேர்முடிச்சுகளை எண்ணினேன், நீர் குறைந்த பாத்தியில் அவை குறைந்திருந்தன, காரணம் அறிய விழைகிறேன்" என்று எழுதினால், படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

அடுத்தது ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம். கல்லூரி முதல்வரின் கையொப்பமே எடுபடும் என எண்ணுகின்றனர். உம்மைப் பெயரளவில் மட்டும் அறிந்தவர் என்ன எழுத இயலும்? செய்முறை வகுப்பில் உம் அருகே நின்றவரை நாடுக. மூன்று வாரங்களுக்கு முன்பே மதிப்பெண் பட்டியலையும் குறிப்பின் படியையும் கொடுத்துக் கேளுங்கள். கடைசி நாள் மாலையில் வாயிலில் வந்து நிற்கும் மாணவருக்கு எழுதப்படும் கடிதம் எத்தகையது என்பதைப் பாடம் நடத்திய நாம் நன்கறிவோம்.

பெண்மக்கள் விண்ணப்பிக்க முனைகையில், "எங்கே தங்குவாள்? பொழுது சாயுமுன் உணவு கிடைக்குமா?" என்னும் வினாக்கள் எழுகின்றன. நியாயமான வினாக்களே. ஆயின் அவற்றை விண்ணப்பத்தையே நிறுத்தும் காரணங்களாக்குவது முறையன்று. தேர்வுக் கடிதம் வந்தபின் ஆய்வகத்துக்கே எழுதி, விடுதி உண்டா, இரவுணவு எத்தனை மணிக்கு, சமைத்துக்கொள்ள வசதி உண்டா எனப் பெற்றோர் கேட்டறியலாம்.