முந்திரிகைக் காய்கள் உதிர்வதைத் தடுத்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தோட்டங்களில் முந்திரிகை நெடுங்காலமாகப் பயிரிடப்படுகிறது. சொந்தக் காணிக்குத் திரும்பிய குடும்பத்திற்கு ஒரு சிறு பந்தலும் நல்ல வருமானம் தரும். ஆனால், காய்கள் பழுக்கும் முன்னரே உதிர்ந்தால் ஏறக்குறைய நான்கு மாத உழைப்பும் இறைப்புச் செலவும் வீணாகும். இந்நிலையில் பலர் உடனே மருந்து வாங்கிப் பணத்தைச் செலவழிக்கின்றனர். மருந்தால் தீருவது சில காரணங்கள் மட்டுமே. காய் எந்தப் பருவத்தில் உதிர்கிறது என்பதை முதலிற் பாருங்கள். காரணத்தை அதுவே காட்டும்.

1. எல்லா உதிர்வும் நோயல்ல

ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கான மொட்டுகள் இருக்கும். அவற்றுள் பெரும்பகுதி காயாவதில்லை. பூத்து ஒன்றிரண்டு கிழமைக்குள் பூக்களும் பிஞ்சுகளும் ஓரளவு உதிர்வது இயல்பு. மீதிக் காய்கள் குலையில் நெருக்கமாக நின்றால் எதுவும் செய்யத் தேவையில்லை. குலை வெறுங்காம்பாகத் தெரிந்தாலோ, காய் பருத்த பின்னரும் உதிர்வு தொடர்ந்தாலோ காரணத்தைத் தேட வேண்டும்.

2. பூக்கும்போது அதிகமாக உதிர்ந்தால்

மழை: கொடியைக் கத்தரித்து ஏறக்குறைய ஐந்து, ஆறு கிழமைகளில் பூக்கும். செப்ரெம்பர், ஒக்ரோபர் மாதங்களிற் கத்தரித்தால் பூக்கள் மாரி மழைக்குள் அகப்பட்டுக் கொட்டிவிடும். எனவே பூக்கும் காலத்தைக் கணக்கிட்டுக் கத்தரியுங்கள்.

யூரியா: அளவுக்கு மிஞ்சினால் கொடி இலையும் கிளையுமாக ஓடும், பூவுக்குச் சத்துப் போகாது. பூப்பதற்கு இரண்டு கிழமை முன்பிருந்து காய் பிடிக்கும்வரை யூரியா இடாதீர்கள். பூப்பதற்குச் சில நாட்கள் முன் காய்க்கும் கிளைகளின் நுனியைக் கிள்ளி விடுங்கள்.

நிழல்: பந்தலின் கீழ் நின்று மேலே பாருங்கள். வெளிச்சம் புள்ளி புள்ளியாக நிலத்தில் விழ வேண்டும். முற்றாக இருண்டிருந்தால் காய்க்காத கிளைகள் சிலவற்றை அகற்றுங்கள்.

நுண்சத்துக் குறைவு: சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் நாகச் சத்து கொடிக்கு எளிதிற் கிடைப்பதில்லை. நாகம் அல்லது போரன் குறைந்தால் ஒரே குலையில் பெரிய காய்களும் விதையற்ற மிகச்சிறு காய்களும் கலந்து நிற்கும். போரன் அளவு கூடினால் கொடியைக் கருக்கும். ஆகவே நீங்களாக இடாமல், விவசாயப் போதனாசிரியரிடம் இலையையும் குலையையும் காட்டி அளவைக் கேளுங்கள்.

பூ விரிந்திருக்கும் நாட்களில் மருந்து விசிறுவதைத் தவிருங்கள்.

3. பயறளவு, கடலையளவில் உதிர்ந்தால்

தண்ணீர்: பல நாள் காயவிட்டுப் பின் ஒரேயடியாக நிறைய இறைத்தால் காய்கள் கொட்டும். பாத்தியில் ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்துக் கையாற் பிடியுங்கள். உருண்டை பிடித்தால் ஈரம் போதும். பொலபொலவென்று உதிர்ந்தால் இறையுங்கள். வைக்கோல் அல்லது காய்ந்த இலையால் பாத்தியை மூடினால் இறைப்புச் செலவும் குறையும்.

சுமை: ஒரு குலை நன்றாகப் பழுக்க ஏறக்குறைய 12 முதல் 15 வரையான நல்ல இலைகள் வேண்டும். மெலிந்த கிளையில் ஒரு குலையை மட்டும் விட்டு மற்றதைச் சிறிதாக இருக்கும்போதே வெட்டி விடுங்கள்.

நோய்: காயிலும் காம்பிலும் வெண்மையான மாப் படிந்தால் அது சாம்பல் நோய். இலையின் மேல் எண்ணெய் பட்டது போன்ற மஞ்சட் புள்ளியும் அதன் அடியில் வெண்பஞ்சும் தெரிந்தால் அது வேறொரு நோய். இரண்டுக்கும் ஒரே மருந்து எப்போதும் பொருந்தாது. நோயுற்ற பகுதியை வெட்டி எரித்துவிட்டு, மாதிரி ஒன்றைக் காட்டி மருந்தைக் கேட்டறியுங்கள்.

4. பழுக்கும்போது உதிர்ந்தால்

மழையாலும் மிகையான நீராலும் பழம் வெடித்து அழுகும். நிறம் மாறியபின் தண்ணீரைக் குறையுங்கள். கிளி, அணில், வௌவால் வந்தால் வலையால் மூடுங்கள். முற்றிய பழத்தை நாட்கணக்கில் கொடியில் விடாதீர்கள். எனினும் காயாக வெட்டினால் பின்னர் பழுக்காது என்பதையும் மறவாதீர்கள்.

5. கைவிடப்பட்டிருந்த கொடி

பல வருடம் பராமரிப்பின்றி நின்ற கொடியில் உயிருள்ள தண்டு இருந்தால் அதை மீட்கலாம். பட்ட கிளைகளை வெட்டி, நன்கு உக்கிய மாட்டெரு இட்டு, முதற்போகத்தில் சில குலைகளை மட்டும் விடுங்கள். முதற்போகத்திலேயே நிறையக் காய்க்க விட்டால் காயும் உதிரும், கொடியும் நலியும்.

கவனம்: கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிப்படுத்தப்பட்ட காணியில் மட்டும் துப்புரவு செய்து, பந்தற்கால் நடுங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிச் சென்று கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

செய்து பாருங்கள்

மூன்று குலைகளில் நூல் கட்டி, அவற்றின் கீழ் சாக்கு விரியுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை உதிர்ந்த காய்களை எண்ணி, தண்ணீர் இறைத்த நாளையும் மழை பெய்த நாளையும் அருகில் எழுதுங்கள். பிள்ளைகளும் இதைச் செய்யலாம். அந்தத் தாளையும் உதிர்ந்த காய்களையும் கமநல சேவை நிலையத்திற்குக் கொண்டு சென்றால், எந்த மருந்து தேவை, எது தேவையில்லை என்பதை அங்கே தீர்மானிப்பது எளிது.