மேட்டில் நிற்காத ஹேண்ட் பிரேக்: காரணமும் வைத்தியமும்



பிரேக் என்றதும் நம் எல்லோருக்கும் ஞாபகம் வருவது காலால் மிதிக்கிற பிரேக்தான். வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்பதும் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், பாஸ்கல் விதி இவற்றைத்தான். ஹேண்ட் பிரேக்குக்கு நம் ரெக்கார்டு நோட்டில் ஒரு படமும் நாலு வரியும் கிடைத்தால் பெரிய விஷயம். ஆனால் டிரைவர் இறங்கிப் போன பிறகு வண்டியைக் காவல் காப்பது இந்த நாலு வரி சமாச்சாரம்தான்.

டவுனில் இதன் அருமை தெரியாது. சமதளத்தில் ஹேண்ட் பிரேக் செத்துப் போயிருந்தாலும் வண்டி நிற்கும். மலைப் பாதையில்தான் குட்டு வெளிப்படும். நீலகிரி, வால்பாறை, கொல்லிமலை என்று எந்த மலை ரோட்டில் போனாலும் ஓரத்தில் ஆங்காங்கே கருங்கல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் பல, வண்டிச் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க எடுத்து வைத்த கல். வேலை முடிந்ததும் வண்டி போய்விடும், கல் ரோட்டிலேயே கிடக்கும். ராத்திரியில் மோட்டார் சைக்கிளில் வருகிறவனுக்கு அதுவே எமன். இன்னொன்றையும் கவனியுங்கள். "ஓடிப் போய் ஒரு கல்லு வை" என்று இறக்கி விடப்படுவது எப்போதும் வண்டியில் இருப்பதிலேயே சின்னவனாகத்தான் இருக்கும். உருண்டு வரக்கூடிய வண்டிக்குப் பின்னால் குனிகிறவன் அவன்தான். ஆகவே இது வெறும் அட்ஜஸ்ட்மென்ட் விஷயம் இல்லை நண்பர்களே, உயிர் விஷயம்.

20 கிலோ எங்கே போகிறது?

அப்ளைடு மெக்கானிக்ஸில் படித்த மெக்கானிக்கல் அட்வான்டேஜ், வெலாசிட்டி ரேஷியோ இரண்டையும் கொஞ்சம் தூசி தட்டுவோம். கீழே வரும் எண்கள் புரிந்துகொள்வதற்காக எடுத்தவை. வண்டிக்கு வண்டி மாறும்.

ஆட்களோடு 900 கிலோ எடையுள்ள ஒரு சின்ன கார். 10 அடி போனால் 1 அடி ஏறுகிற ரோட்டில் அதைக் கீழே இழுக்கும் விசை 90 கிலோ. 5 அடிக்கு 1 அடி ஏறும் செங்குத்தான இடத்தில் 180 கிலோ. சக்கரத்தின் ஆரம் 25 செ.மீ., பிரேக் டிரம்மின் ஆரம் 9 செ.மீ. என்று வைத்தால், டிரம்மின் உள்பக்கத்தில் தேவைப்படும் உரசல் விசை முதல் ரோட்டில் 250 கிலோ, இரண்டாவதில் 500 கிலோ.

இப்போது கைப்பக்கம் வருவோம். லீவரை 20 கிலோ விசையில் இழுக்கிறோம். லீவரின் விகிதம் 6 என்றால் 120 கிலோ ஆகிறது. கேபிள் உறைக்குள் உரசுவதில் மூன்றில் ஒரு பங்கு போனால் மிச்சம் 80. ஈக்வலைசர் அதை வலது இடது சக்கரங்களுக்கு 40, 40 என்று பிரித்துக் கொடுக்கிறது. டிரம்முக்குள் இருக்கும் சின்ன லீவரின் விகிதம் 4. ஆக ஷூவைத் தள்ளும் விசை 160 கிலோ. லீடிங் ஷூ, டிரெய்லிங் ஷூ இரண்டும் சேர்ந்து அதைப் போல இரு மடங்கு உரசலைக் கொடுத்தால், ஒரு சக்கரத்துக்கு 320, இரண்டுக்கும் 640 கிலோ. தேவை 500. வண்டி நிற்கும்.

இனி ஒரு பக்க லைனிங்கில் ஆயில் பட்டு வழுக்குகிறது என்று வையுங்கள். 640 என்பது 320 ஆகிவிட்டது. 10க்கு 1 மேட்டில் தேவை 250தான், அங்கே நிற்கும். 5க்கு 1 மேட்டில் தேவை 500, அங்கே உருளும். "நம்ம தெருவுல நல்லாத்தானே நின்னுச்சு, மலையில மட்டும் ஏன் நிக்கல?" என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். பிரேக் திடீரென்று கெடவில்லை. பாதி கெட்டது எப்போதோ. மலைதான் அதைக் காட்டிக் கொடுத்தது. முழு லோடுடன் 20 சதவீத ஏற்றத்திலும் இறக்கத்திலும் நிற்க வேண்டும் என்று ஐ.நா.வின் 13-எச் பிரேக் விதிமுறை கேட்பதும் இதனால்தான்.

உள்ளே 1 மில்லி, கையில் 24 மில்லி

விசை 6 மடங்கும் 4 மடங்கும் பெருகுகிறது என்றால் தூரம் அதே கணக்கில் குறைய வேண்டும். இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. டிரம்முக்குள் ஷூ கூடுதலாக 1 மி.மீ. விரிய வேண்டியிருந்தால், கையில் லீவர் 24 மி.மீ. கூடுதலாக மேலே வர வேண்டும். லைனிங் தேய்ந்து இடைவெளி 5 மி.மீ. கூடினால் லீவரில் 12 செ.மீ. வீண். அதற்கு மேல் இழுக்க இடமே இருக்காது.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். லீவர் மேலே மேலே வருகிறதா? உடனே வண்டிக்கு அடியில் போய் கேபிள் நட்டை டைட் வைத்துவிடுகிறார்கள். லீவர் கீழேயே பிடிக்கிறது, பார்ட்டிக்குச் சந்தோஷம். ஆனால் டிரம்முக்குள் என்ன நடந்தது? தேய்மானம் அப்படியே இருக்கிறது. கேபிளை இழுத்துக் கட்டியதால், ஓய்வு நிலையில் தன் ஸ்டாப்பரில் உட்கார வேண்டிய உள் லீவர் பாதி தூக்கியபடி நிற்கிறது. அப்படி நின்றால் பல வண்டிகளில் ஆட்டோ அட்ஜஸ்டர் வேலை செய்யாது. மேற்கொண்டு வரும் தேய்மானத்தை அது சரிக்கட்டாது. ஷூ முழுசாகத் திரும்பாமல் டிரம்மை உரசிக்கொண்டே ஓடும். சூடேறும், லைனிங் கண்ணாடி போல் பளபளப்பாகிவிடும். பளபளத்த லைனிங் பிடிக்காது. நோய்க்குக் கொடுத்த மருந்தே நோயை வளர்க்கிறது!

மேட்டுப்பாளையத்தில் ஒரு ஷெட்டில் நான் டிரெயினிங்கில் இருந்தபோது, கோத்தகிரி ரூட்டில் ஓடுகிற ஒரு டாக்ஸி வந்தது. டிரைவர் இறங்கும்போதே, "கேபிளை இன்னும் ரெண்டு சுத்து டைட் வச்சுடுங்க தம்பி, சவாரி நிக்குது" என்றார். மேஸ்திரி குனிந்து பார்த்துவிட்டு, "மரையே தீந்து போச்சுங்கண்ணா, இனி எங்க டைட் வைக்கறது? டிரம்மைக் கழட்டித்தான் பாக்கணும்" என்றார். கழற்றினோம். வலது பக்கம் வீல் சிலிண்டர் கசிந்து லைனிங் ஊறிப் போயிருந்தது. இடது பக்கம் அட்ஜஸ்டர் துருவேறி இறுகிக் கிடந்தது. அதாவது ஒரு பக்கம் வழுக்கல், மறுபக்கம் இடைவெளி. இதற்கு எத்தனை சுற்று நட்டைத் திருகியும் என்ன பலன்? டிரைவர் அதைப் பார்த்துவிட்டு ஒரு சவாரியை விட்டுக்கொடுத்து உட்கார்ந்தார். அன்று மாலை லீவர் ஆறாவது கிளிக்கில் பிடித்தது.

நோய் அறிதல்

ஸ்பேனரை எடுக்கும் முன் லீவரை மெதுவாக இழுத்து கிளிக் சத்தத்தை எண்ணுங்கள்.

1. கிளிக் நிறைய வருகிறது, லீவர் லூசாக இருக்கிறது: லைனிங் தேய்மானம், அட்ஜஸ்டர் வேலை செய்யாமை, அல்லது கேபிள் நீட்சி.
2. கொஞ்ச கிளிக்கிலேயே கல்லு மாதிரி இறுகுகிறது, ஆனாலும் வண்டி நிற்கவில்லை: லைனிங்கில் ஆயில், பளபளப்பு, அல்லது கேபிள் உறைக்குள் துரு.
3. லீவர் ஏறிய இடத்தில் நிற்காமல் நழுவி விழுகிறது: ராட்செட் பல் அல்லது அதில் மாட்டும் கொக்கி தேய்ந்துவிட்டது.
4. ஒரு பின் சக்கரம் மட்டும் பிடிக்கிறது: மறுபக்க கேபிள் இறுகியிருக்கலாம், ஈக்வலைசர் கோணியிருக்கலாம்.

வைத்தியம்

வரிசை முக்கியம். முதலில் டிரம், கடைசியில் கேபிள். இது பின் சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள கார்களுக்கான முறை.

முதல் படி: சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள். பின் சக்கர நட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். பிறகு கியரை நியூட்ரலாக்கி ஹேண்ட் பிரேக்கை ரிலீஸ் செய்யுங்கள்.

இரண்டாம் படி: கேபிள் நட்டை நன்றாகத் தளர்த்திவிட்டு டிரம்மைக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் தூசியை ஏர் ஹோஸால் ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம். ஈரத் துணியால் துடையுங்கள், மூக்கில் மாஸ்க் கட்டிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: லைனிங் கனம், டிரம்மின் உள் விட்டம், வீல் சிலிண்டர் கசிவு ஆகியவற்றைப் பாருங்கள். பின் சக்கரம் ஓட்டும் வண்டியானால் ஆக்ஸில் ஆயில் சீலையும் பாருங்கள். எந்த அளவுக்கு மேல் டிரம்மைப் பயன்படுத்தக் கூடாது என்பது பெரும்பாலும் டிரம்மிலேயே பொறித்திருக்கும். ஆயில் ஊறிய ஷூவை பெட்ரோலில் கழுவி, உப்புக் காகிதத்தில் தேய்த்து மறுபடி மாட்டுவது வேண்டாம். உள்ளே ஊறியது சூட்டில் மீண்டும் வெளியே வரும். முதலில் கசிவை நிறுத்துங்கள், பிறகு ஷூவை மாற்றுங்கள். மாற்றினால் வலது இடது இரண்டிலும் சேர்த்தே மாற்றுங்கள்.

நான்காம் படி: கேபிளைக் கையால் இழுத்துப் பாருங்கள். தடங்கல் இல்லாமல் போய்வர வேண்டும். உறை கிழிந்து தண்ணீர் இறங்கியிருந்தால், இழை பிரிந்திருந்தால், ஆயில் விட்டு நாளைக் கடத்தாமல் புது கேபிள் போடுங்கள். ஈக்வலைசர் சுழலும் இடத்தில் மண்ணைச் சுரண்டி கிரீஸ் வையுங்கள்.

ஐந்தாம் படி: அட்ஜஸ்டரைச் சுத்தம் செய்து, சூடு தாங்கும் கிரீஸ் துளி மட்டும் வைத்து மாட்டுங்கள். லைனிங்கில் படக் கூடாது. ஸ்பிரிங்குகள் விறைப்பாக இருக்கின்றனவா பாருங்கள். உள் லீவர் தன் ஸ்டாப்பரில் உட்கார்ந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

ஆறாம் படி: டிரம்மை மாட்டி ஷூ இடைவெளியைச் சரிசெய்யுங்கள். கையால் சுற்றும்போது "சர்... சர்..." என்று லேசாக உரசும் சத்தம் வரலாம், பிடிக்கக் கூடாது. கால் பிரேக்கைப் பல தடவை மிதித்து விடுங்கள். ஷூ டிரம்முக்கு நடுவில் வந்து உட்காரும், ஆட்டோ அட்ஜஸ்டரும் தன் வேலையைச் செய்யும்.

ஏழாம் படி: இப்போதுதான் கேபிள் நட். வண்டியின் மேனுவலில் சொன்ன கிளிக்கில் இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பிடிக்க வேண்டும். பல கார்களில் இது 5, 7 என்ற கணக்கில் இருக்கும். லீவரை இறக்கினால் இரண்டும் தாராளமாகச் சுற்ற வேண்டும். பிறகு லாக் நட்டை இறுக்குங்கள்.

எட்டாம் படி: சோதனை. முதலில் சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் கிளட்சை மெதுவாக விட்டால் என்ஜின் திணற வேண்டும். அடுத்து சின்ன மேடு. சீட்டில் ஆள், கால் பிரேக்குக்கு மேலே தயாராகக் கால், வண்டிக்கு முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது. புது லைனிங் படிந்து உட்கார நாளாகும் என்பதால், சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி பார்க்கச் சொல்லி அனுப்புங்கள்.

பின்னால் டிஸ்க் உள்ள சில கார்களில் வேறொரு சங்கதி உண்டு. மலை இறங்கி வந்து நிறுத்தும்போது டிஸ்க் சூட்டில் விரிந்திருக்கும். ஆறும்போது சுருங்கி பிடி தளரும். அதில் லீவரை நன்றாக இழுத்து, கியரிலும் போட வேண்டும். பட்டன் அழுத்தும் எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக்கில் உள்ளே மோட்டார் இருக்கிறது. அதை சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவராமல் கை வைக்கக் கூடாது.

நிறுத்தும் முறை

பிரேக் நன்றாக இருந்தாலும் நிறுத்தத் தெரிய வேண்டும். கால் பிரேக்கை மிதித்தபடியே லீவரை இழுங்கள். பிறகு காலை மெதுவாக எடுத்து வண்டியின் பாரம் ஹேண்ட் பிரேக்கில் இறங்குகிறதா பாருங்கள். நின்ற பிறகு என்ஜினை நிறுத்தி, ஏற்றம் பார்த்த வண்டியை முதல் கியரிலும், இறக்கம் பார்த்த வண்டியை ரிவர்ஸ் கியரிலும் போடுங்கள். உருண்டாலும் மலைச்சரிவில் போய் முட்டும்படி, பள்ளத்துப் பக்கம் போகாதபடி ஸ்டியரிங்கைத் திருப்பி வையுங்கள். டிரைவர் இல்லாத வண்டி தற்செயலாக நகராதபடி பிரேக் போட்டோ வேறு ஏற்பாடு செய்தோதான் பொது இடத்தில் விட வேண்டும் என்று 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-ஆம் பிரிவும் சொல்கிறது.

நண்பர்களே, நாளை நம்மில் சிலர் ஷெட் வைப்போம், சிலர் சர்வீஸ் ஸ்டேஷனில் சூப்பர்வைசராக ஜாப் கார்டில் கையெழுத்துப் போடுவோம். "ஹேண்ட் பிரேக் டைட் செய்யவும்" என்று பார்ட்டி எழுதிக் கொடுத்தால், அது அவர் கண்ட அறிகுறி மட்டுமே. நோயைக் கண்டுபிடிக்க வேண்டியது டிப்ளமோ படித்த நம் பொறுப்பு. நட்டைத் திருக ஐந்து நிமிடம், டிரம்மைக் கழற்ற ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். கல் வைக்கக் குனிகிற அந்தச் சின்னப் பையனுக்காகவாவது கேட்டு வாங்குங்கள்.