சிங்கநாயும் சீப்பும்

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளத்தில் மாலை வேளையில் நடைபோகும் நாய்களுள் ஷி சூ இன நாயை எளிதில் அடையாளம் கண்டுகொள்ளலாம். பட்டுப் போன்ற நீண்ட முடி, தட்டையான முகம், உருண்டைக் கண்கள், முதுகின்மேல் வளைந்து கிடக்கும் வால் ஆகியவை அதன் அடையாளங்கள். முழுமையாக வளர்ந்த ஷி சூவின் எடை பொதுவாக 4 முதல் 7 கிலோகிராம் வரைதான் இருக்கும். சிறிய வீட்டிற்கும் ஏற்றது என்பதால் பலர் இதை விரும்பி வளர்க்கின்றனர். ஆனால், உருவத்தில் சிறிய இந்த நாய்க்குத் தேவைப்படும் பராமரிப்பு சிறியதன்று. அதற்கான காரணத்தை இந்த இனம் உருவான வரலாற்றிலேயே காணலாம்.

அரண்மனையில் வளர்ந்த நாய்

'ஷி சூ' என்னும் சீனப் பெயர் சிங்கத்தைக் குறிக்கிறது. முகத்தைச் சூழ்ந்திருக்கும் நீண்ட முடி சிங்கத்தின் பிடரிமயிரை நினைவூட்டுவதால் இப்பெயர் பொருத்தமாக அமைந்துள்ளது. திபெத்தைச் சேர்ந்த நாய்களின் வழிவந்ததாகக் கருதப்படும் இந்த இனம், சீன அரண்மனையில் செல்லமாக வளர்க்கப்பட்டது. 1930ஆம் ஆண்டில் சீனாவிலிருந்து பிரிட்டனுக்குச் சில நாய்கள் கொண்டு செல்லப்பட்டன. அதன் பிறகே இந்த இனம் மேற்கு நாடுகளில் பரவத் தொடங்கியது.

சில நாய் இனங்கள் வேட்டையாடுவதற்காக உருவாக்கப்பட்டன. வேறு சில ஆட்டு மந்தையைக் காப்பதற்காக உருவாக்கப்பட்டன. ஷி சூவின் வேலையோ மனிதருக்குத் துணையாக இருப்பது மட்டுமே. ஆகவே, மனிதர்கள் தங்கள் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த நாய்களையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தனர். முடி மேலும் நீண்டது. முகம் மேலும் தட்டையானது. மனிதரின் விருப்பத்தால் உருவான அந்த அழகை நாயால் தானாகப் பேணிக்கொள்ள இயலாது. அந்தப் பொறுப்பு அதை வளர்ப்பவரையே சேரும்.

முடியைப் பேணுதல்

பல நாய்களின் முடி ஓரளவு வளர்ந்ததும் உதிர்ந்துவிடும். ஷி சூவின் முடியோ மனிதரின் தலைமுடியைப் போல நெடுங்காலம் வளர்ந்துகொண்டே இருக்கும். உதிரும் சில முடிகளும் தரையில் விழாமல் மற்ற முடிகளுக்கு இடையே சிக்கிக்கொள்ளும். நாள்தோறும் வாராவிட்டால் அவை சிக்கு விழுந்து, பின்னர்ச் சடைபிடித்துவிடும். காதுகளின் பின்புறம், கால்களின் உட்புறம், வயிற்றுப் பகுதி, கழுத்துப்பட்டை உரசும் இடம் ஆகியவற்றில் சிக்கு விரைவாக விழும்.

சடைபிடித்த முடி பார்ப்பதற்கு அழகில்லை என்பது மட்டும் அதன் குறையன்று. இறுக்கமாகப் பின்னிய சடையை யாரோ நாள் முழுவதும் இழுத்துக்கொண்டே இருந்தால் எவ்வளவு வலிக்கும்? நாய் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் அதன் தோல் அப்படித்தான் இழுபடும். சடைக்கு அடியில் ஈரமும் அழுக்கும் தங்குவதால் தோல் புண்ணாகிவிடும். வெளியே முடி மூடியிருப்பதால் அந்தப் புண் எவர் கண்ணிலும் படாது. நாயாலும் தன் வலியைச் சொல்ல முடியாது.

முடியை வாருவதற்கும் ஒரு முறை உண்டு. மேலாக மட்டும் வாரினால் அடியில் உள்ள சிக்கு அப்படியே இருக்கும். முடியை அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கையும் தோல்வரை வார வேண்டும். சிக்கு இருக்கும் இடத்தில், வேர்ப்பகுதியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து சிறிது சிறிதாகப் பிரித்தெடுக்க வேண்டும். அவ்வாறு செய்தால் தோல் இழுபடாது. கத்தரிக்கோலால் சிக்கை வெட்ட முயல்வது ஆபத்தானது. சிக்கோடு சேர்ந்து மேலெழும்பிய தோலும் வெட்டுப்படக்கூடும்.

குளிப்பாட்டுவதற்கு முன்பே சிக்கு எடுத்துவிட வேண்டும். நீர் பட்டால் சிக்கு மேலும் இறுகிவிடும். மனிதரின் தோலும் நாயின் தோலும் தன்மையில் வேறுபட்டவை. எனவே, நாய்களுக்கென்று தயாரிக்கப்பட்ட ஷாம்புவையே பயன்படுத்த வேண்டும். குளித்த பின், முடியை அடிவரை நன்கு உலர்த்துவது மிகவும் முக்கியம். சிங்கப்பூர் போன்ற ஈரப்பதம் மிகுந்த நாட்டில் முடி ஈரமாகவே இருந்தால் தோல்நோய் வர வாய்ப்புண்டு. நாள்தோறும் நீண்ட நேரம் வார இயலாதவர்கள், முடியைக் குட்டையாக வெட்டி வைப்பது நாய்க்கும் நல்லது.

கண்களும் மூச்சும்

தட்டையான முகத்தில் கண்கள் சற்று வெளியே தள்ளியவாறு இருப்பதால் அவற்றில் முடியும் தூசும் எளிதில் படும். முடி உரசி உரசி விழிப்படலத்தில் புண் ஏற்படலாம். கண்களின் ஓரத்தை நாள்தோறும் ஈரப்பஞ்சால் மென்மையாகத் துடைக்க வேண்டும். நெற்றி முடியைக் கட்டிவிடவோ வெட்டிவிடவோ வேண்டும். நாய் கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருந்தாலும் காலால் தேய்த்தாலும் கால்நடை மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும்.

தட்டையான முகத்தால் மூச்சு விடுவதிலும் சிரமம் உண்டு. மனிதரைப்போல் உடல் முழுவதும் வியர்த்து நாயால் வெப்பத்தைத் தணித்துக்கொள்ள முடியாது. வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு, வேகமாக மூச்சு வாங்கியே அது தன் உடலைக் குளிர்விக்கிறது. மூக்கு குட்டையாக உள்ள நாய்க்கு இதுவும் எளிதன்று. ஆகவே, வெயில் தணிந்த காலையிலோ மாலையிலோதான் அதை நடைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். புறங்கையைச் சில விநாடிகள் நடைபாதையில் வைத்துப் பார்க்கலாம். கையால் பொறுக்க முடியாத சூட்டை நாயின் பாதமும் பொறுக்காது.

நாய் அளவுக்கு மீறி மூச்சு வாங்கினாலோ, எச்சில் ஒழுகித் தள்ளாடினாலோ அது வெப்பத் தாக்குதலாக இருக்கலாம். உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, உடலைத் தண்ணீரால் நனைத்து, விசிறிவிட்டபடி மருத்துவரிடம் விரைய வேண்டும்.

அன்பே ஆபத்தாகலாம்

தான் உண்பதை நாய்க்கும் ஊட்டுவது சிலருக்குப் பழக்கம். சாக்லேட், வெங்காயம், பூண்டு, திராட்சை ஆகியவை நாய்க்கு நஞ்சாகும். பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சையும் குழம்பில் வெந்த வெங்காயமும் இதில் அடங்கும். வேகவைத்த எலும்பு கூர்மையாக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கலாம். உடல் சிறியதாக இருப்பதால், சிறிதளவு நஞ்சும் பெரும் பாதிப்பை உண்டாக்கும்.

சட்டமும் கடமையும்

வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் அனுமதிக்கப்பட்ட சிறிய இனங்களைச் சேர்ந்த ஒரு நாயை வளர்க்கலாம். அந்தப் பட்டியலில் ஷி சூவும் உள்ளது. நாய்க்கு உரிமம் பெற வேண்டும்; அடையாளத்திற்காக அதன் தோலுக்கடியில் நுண்சில்லு பொருத்த வேண்டும். பொது இடங்களில் கயிற்றில் பிடித்தே அழைத்துச் செல்ல வேண்டும். நாயைக் கைவிடுவது சட்டப்படி குற்றமாகும்.

எனினும், சட்டத்தைவிட ஒரு கணக்கு அதிகம் சிந்திக்க வைக்கும். ஷி சூ பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. 13 வயது மாணவர் ஒருவர் ஒரு குட்டியை வளர்க்கத் தொடங்கினால், அந்த நாய்க்கு 12 வயதாகும்போது அவருக்கு 25 வயதாகியிருக்கும். இடைப்பட்ட காலத்தில் அவர் பொதுத் தேர்வு எழுதுவார், மேற்படிப்புக்குச் செல்வார், தேசிய சேவை ஆற்றுவார், வேலையிலும் சேர்ந்திருப்பார். அந்த ஆண்டுகள் முழுவதும் நாயின் முடி வளர்ந்துகொண்டேதான் இருக்கும். தேர்வுக்கு முந்திய நாளிலும் அதற்குச் சிக்கு விழும்.

ஆகவே, குட்டியை வீட்டிற்குக் கொண்டுவருவதற்கு முன் குடும்பத்தினர் கூடிப் பேசுவது நல்லது. நாள்தோறும் அதை வாருபவர் யார்? விடுமுறையில் வெளிநாடு சென்றால் பார்த்துக்கொள்பவர் யார்? மருத்துவச் செலவை ஏற்பவர் யார்? இக்கேள்விகளுக்குத் தெளிவான விடை இருந்தால், காப்பகத்தில் வீடின்றிக் காத்திருக்கும் ஒரு நாயையும் தத்தெடுக்கலாம். விடை கிடைக்காவிட்டால், நாய் வளர்ப்பதைத் தள்ளிப்போடுவதும் அதன்மீது காட்டும் அன்புதான். விடுமுறை நாள்களில் காப்பகத்திற்குச் சென்று தொண்டூழியம் செய்து, நாயைப் பராமரிக்கும் முறைகளை அதற்கிடையே கற்றுக்கொள்ளலாம்.