பாஸ்கா இரவுக்குப் பின்: புதிய கத்தோலிக்கரின் முதல் ஆண்டு



பாஸ்கா திருவிழிப்பில் திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை என மூன்று அருட்சாதனங்களையும் ஒரே இரவில் பெறுகிற வயதுவந்தவருக்குப் பயிற்சி அன்றோடு முடிவதில்லை. 1972இல் உரோமை வெளியிட்ட வயதுவந்தோர் புகுமுகச் சடங்குமுறை நான்கு கட்டங்களைச் சொல்கிறது. தேடிவருபவர் விசாரித்து அறியும் காலம் முதலாவது. திருமுழுக்குக்கு ஆயத்தமாகும் நீண்ட கல்விக்காலம் இரண்டாவது. தவக்காலத்தில் நடக்கும் உள்ளத் தூய்மைக்கான நாட்கள் மூன்றாவது. பாஸ்கா முதல் பெந்தகோஸ்து வரையிலான ஐம்பது நாட்கள் நான்காவது. முதல் மூன்றுக்கும் வகுப்பு உண்டு, உபதேசியார் உண்டு, குறித்த தேதி உண்டு. நான்காவது கட்டம் பல பங்குகளில் பெயரளவில் கழிந்துவிடுகிறது. வெள்ளை ஆடையைக் களைந்ததும் புதியவர் கூட்டத்தில் ஒருவராகிறார். அவரைத் தனியாகக் கவனிக்க யாரும் இருப்பதில்லை. அந்த இரவின் உருக்கமும் சில வாரங்களில் வடிந்துவிடும். அப்படி வடிவது விசுவாசக் குறைவு அல்ல. உருக்கம் விட்டுப்போன இடத்தைப் பழக்கம் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் ஆண்டின் வேலை அதுதான்.

பழைய திருச்சபை இந்த நாட்களை மிகவும் கருத்தாக நடத்தியது. 4ஆம் நூற்றாண்டில் எருசலேம் ஆயர் சிரிலின் பெயரில் வழங்கும் உரைகளும், மிலான் ஆயர் அம்புரோசியாரின் உரைகளும் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களுக்கென்றே ஆற்றப்பட்டவை. 387ஆம் ஆண்டு பாஸ்காவில் அகுஸ்தினார் திருமுழுக்குப் பெற்றது அதே அம்புரோசியாரிடம்தான். முதலில் அனுபவம், பிறகு விளக்கம் என்பது அந்த ஆயர்களின் முறை. தண்ணீரில் இறங்கியது ஏன், எண்ணெய் பூசியது எதற்கு, அப்பத்தை உண்டபோது நடந்தது என்ன என்று, பெற்ற பிறகே விரிவாகச் சொன்னார்கள். இன்றைய பங்கில் ஆயர் வந்து அப்படி உரையாற்றுவது பெரும்பாலும் நடப்பதில்லை. ஆனால் சடங்குமுறை சொல்கிற எளிய ஏற்பாடு எந்தப் பங்கிலும் நடக்கக்கூடியது: பாஸ்கா கால ஞாயிறுகளில் புதியவரும் ஞானப்பெற்றோரும் தங்களுக்கென ஒதுக்கிய இடத்தில் சேர்ந்து அமர்வது. பூசை முடிந்ததும் கோவில் முற்றத்தில் அரைமணி நேரம் இருந்து அன்றைக்குப் புரியாததைக் கேட்டுக்கொள்ளலாம். அந்த வாரங்களில் முதல் வாசகம் பழைய ஏற்பாட்டிலிருந்து வருவதில்லை, திருத்தூதர் பணிகளிலிருந்து வருகிறது. புதிதாக நம்பிக்கை கொண்டவர்கள் எப்படிக் கூடினார்கள், பகிர்ந்தார்கள், சச்சரவிட்டுத் தீர்த்துக்கொண்டார்கள் என்ற கதை அது. புதியவர் கேட்க வேண்டிய கதையும் அதுவே.

பழக்கங்களில் முதலாவது ஞாயிறு திருப்பலி. சனிக்கிழமை மாலைப் பூசையும் ஞாயிற்றுக் கடமையை நிறைவேற்றும். ஷிப்டு வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நோயோ, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தேவையோ தடுத்தால் அது குற்றமாகாது. நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து உணவு கூடாது. தண்ணீரும் மருந்தும் தடையில்லை. ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுற்றில் வருகின்றன. முதலாம் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. யோவான் தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் அதிகம் இடம்பெறுவார். மறுநாள் வாசகங்களைச் சனி இரவே வீட்டில் ஒருமுறை படித்துவிட்டால் மறையுரை காதில் ஏறும். இதற்கு 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியம் போதும். பிற சபைகளிலிருந்து வருபவர்கள் அதில் தாங்கள் அறிந்த 66 நூல்களுக்குப் பதில் 73 நூல்களைக் காண்பார்கள். தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு ஆகியவை கூடுதலானவை. எழவும் முழந்தாளிடவும் பதில் சொல்லவும் தடுமாறுவது சில மாதங்களில் தானே சரியாகும். அதற்காகப் பின்வரிசையில் ஒதுங்குவதைவிட, நடுவில் அமர்ந்து அருகிலிருப்பவரைப் பார்த்துச் செய்வது விரைவாகக் கற்றுத்தரும்.

இரண்டாவது, ஒப்புரவு அருட்சாதனம். வயதுவந்து திருமுழுக்குப் பெறுகிறவருக்கு அதற்கு முன் பாவசங்கீர்த்தனம் கிடையாது. முந்தைய பாவங்கள் அனைத்தையும் திருமுழுக்கே போக்கிவிடுகிறது. ஆகவே முதல் பாவசங்கீர்த்தனம் அதன் பிறகே வருகிறது, பலரும் அதை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். சாவான பாவம் இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறையாவது அறிக்கையிட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அது குறைந்தபட்ச அளவு மட்டுமே. சில வாரங்களுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் அச்சம் தேய்ந்துவிடும். குரு கேட்டதை எந்தக் காரணம் கொண்டும், எவரிடமும், குறிப்பாலும் வெளிப்படுத்த முடியாது. தினமும் முகம் பார்க்கிற பங்குத்தந்தையிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் வேறு எந்தக் குருவிடமும் போகலாம். தவக்காலத்தில் பக்கத்துப் பங்குகளின் குருக்கள் சேர்ந்து வந்து பாவசங்கீர்த்தனம் கேட்கும் நாட்கள் இதற்கு வசதியானவை. வார்த்தைகள் மறந்துபோனால் அதையே முதலில் சொல்லலாம், குரு வழிநடத்துவார்.

மூன்றாவது, வீட்டுச் செபம். புதியவர்கள் இங்கேதான் மிகுதியாகத் தொடங்கிச் சீக்கிரம் களைக்கிறார்கள். நவநாள் ஒன்று, ஜெபமாலை முழுவதும், இறைஇரக்க மாலை, காலை மாலைச் செபங்கள் என்று முதல் மாதமே எல்லாவற்றையும் தலையில் ஏற்றிக்கொண்டு, மூன்றாம் மாதம் ஒன்றும் மிஞ்சாமல் போவதை எந்தப் பங்கிலும் பார்க்கலாம். காலையில் எழுந்ததும் சிலுவை அடையாளமும் பரலோக மந்திரமும், இரவில் அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்து ஒரு மனத்துயர் செபம், வாரத்தில் சில நாள் ஜெபமாலையில் ஒரு பத்து மணி: ஓராண்டுக்கு இவ்வளவு போதும். தினமும் முடிகிற அளவே சரியான அளவு.

நான்காவது, திருவழிபாட்டு ஆண்டின் நடை. திருவருகைக் காலம், கிறிஸ்து பிறப்பு, தவக்காலம், பாஸ்கா, பொதுக்காலம் என்ற சுற்று மாறும்போது பீடத்துத் துணியின் நிறமும் பாட்டும் உணவும் மாறுகின்றன. திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் நோன்பு நாட்கள். 18 வயது நிறைந்தவர் முதல் 60ஆம் வயதைத் தொடாதவர் வரை அன்று ஒருவேளை மட்டும் முழு உணவு உண்பர். 14 வயது நிறைந்தவர் அனைவரும் இறைச்சியைத் தவிர்ப்பர். வெள்ளிக்கிழமைகள் ஆண்டு முழுவதும் தவ நாட்கள்தான். தவக்கால வெள்ளிகளில் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளையும் ஊராரோடு சுற்றிவருவது, எந்தப் பாடநூலையும்விட மீட்பின் கதையை மனத்தில் பதிக்கும். ஆகஸ்டு 29இல் கொடியேறி செப்டம்பர் 8இல் மாதாவின் பிறப்பு விழாவோடு முடிகிற வேளாங்கண்ணித் திருவிழா போன்றவை மகிழ்ச்சிக்கும் நட்புக்கும் நல்லவை. ஆனால் திருயாத்திரை சொந்தப் பங்கின் ஞாயிற்றுக்கு மாற்று ஆகாது.

ஞாயிறு பூசையில் நூற்றுக்கணக்கானவர்கள் நடுவில் புதியவரின் பெயர் யாருக்கும் தெரியாமல் போகலாம். அன்பியக் கூட்டத்தில் அது நடக்காது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் ஏதாவது ஒரு வீட்டில் கூடி, நற்செய்தி வாசித்து, பகிர்ந்து, செபித்து, யார் வீட்டில் நோய், யார் வீட்டில் கல்யாணம் என்று விசாரித்துப் பிரிகிற இடம் அது. அங்கே பேசத் தெரியாதவர் வாசித்தால் போதும். வாசிக்கக் கூசுபவர் நாற்காலி எடுத்துப் போட்டாலும் போதும். புதியவர் தம் வீட்டில் ஒருமுறை அன்பியத்தை நடத்திவிட்டால் தெருவில் அவர் அந்நியர் அல்ல. பக்த சபைகளில் ஒன்றைப் பின்னர் தேர்ந்துகொள்ளலாம். 1833இல் பாரிசில் ஓசானாமும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை ஏழைகளின் வீடு தேடிப் போகிறது. 1921இல் டப்ளினில் தொடங்கிய மரியாயின் சேனை வாரக் கூட்டமும் வாரப் பணியும் என்ற ஒழுங்கில் நடக்கிறது. இரண்டிலும் ஒரே நேரத்தில் சேர்வது முதல் ஆண்டுக்கு ஏற்றதல்ல.

கத்தோலிக்கர் அல்லாத குடும்பத்திலிருந்து தனியாக வந்தவருக்குக் கடினமான பரீட்சை வீட்டில்தான். ஏற்கெனவே மணமானவரின் மணவாழ்க்கை திருமுழுக்கால் முறிந்துவிடுவதில்லை. நம்பிக்கை கொள்ளாத துணைவர் உடன்வாழச் சம்மதித்தால் பிரியக் கூடாது என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் ஏழாம் அதிகாரம் அறிவுறுத்துகிறது. பெற்றோரைப் பேணுவது, உறவினர் கல்யாணத்தில் பந்தி பரிமாறுவது, சாவு வீட்டில் முதல் ஆளாக நிற்பது ஆகியவற்றை விசுவாசம் குறைக்கக் கூடாது, கூட்டவே வேண்டும். வழிபாட்டுச் செயல்களில் பங்கெடுப்பதில் மட்டும் எல்லை உண்டு. தகப்பனுக்குக் கொள்ளி வைப்பது யார் என்பது போன்ற கேள்விகள் அந்த நேரத்து அழுகையில் எழுந்தால் பதில் கிடைக்காது. முன்கூட்டியே பங்குத்தந்தையிடம் பேசி, வீட்டாருக்கும் பக்குவமாகச் சொல்லிவைப்பது நல்லது. பொங்கல் போன்ற அறுவடை விழாவைத் தமிழகத்துக் கோவில்களே பானை வைத்துக் கொண்டாடுவதால் அதில் விலகி நிற்கக் காரணமில்லை. வீட்டாரை மாற்ற விவாதம் செய்வது புதியவர்கள் வழக்கமாகச் செய்கிற தவறு. மாறிய பிறகு மகன் பொறுமைசாலியானான் என்று அவர்களே பார்த்துச் சொல்வதுதான் எடுபடும்.

பங்கில் ஏமாற்றங்களும் வரும். பங்குப் பேரவையில் பதவிச் சண்டை இருக்கும். கோவில் வரிக் கணக்கில் வாக்குவாதம் இருக்கும். சில ஊர்களில் சாதி கல்லறை வரை பின்தொடர்கிறது. இதை மறைத்துப் புதியவரை வரவேற்பது நேர்மை ஆகாது. வடக்கன்குளத்துக் கோவிலுக்குள் சாதியினரைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது; வழக்கு நீதிமன்றம் வரை போனது. அதே வடக்கன்குளத்தில்தான் 1745இல் திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளை திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். நட்டாலத்தில் 1712இல் பிறந்த அவர் குருவோ துறவியோ அல்ல. மனைவியோடு வாழ்ந்த இல்லறத்தார். எல்லாச் சாதியினரோடும் கலந்து பழகியது அவர்மீது எழுந்த பகைக்கு ஒரு காரணம். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். திருமுழுக்குக்கும் சாவுக்கும் இடையே ஏழு ஆண்டுகளுக்கு மேல் இல்லை. வயதுவந்து கத்தோலிக்கராகும் எவருக்கும் அவரைவிடப் பொருத்தமான பாதுகாவலர் தமிழ் மண்ணில் அரிது. பங்கில் காணும் அநீதியைப் பேரவையில் எழுந்து சொல்வதும் விசுவாசத்தின் பகுதி. அதற்காகப் பூசையை நிறுத்திக்கொள்வது அல்ல. குருக்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றலாகிப் போவார்கள். திருமுழுக்குக் கொடுத்த சாமியாரோடு மட்டும் கட்டிய விசுவாசம் அவர் மூட்டை கட்டும் நாளில் ஆடிப்போகும்.

இறுதியாக, செய்து முடிக்க வேண்டிய சில காரியங்கள். திருமுழுக்குப் பதிவேட்டில் பெயரும் தேதியும் சரியாக உள்ளனவா என்று பார்த்து, சான்றிதழின் நகல் ஒன்றை வாங்கி வைக்க வேண்டும். உறுதிபூசுதலும் திருமணமும் அதே பதிவேட்டில்தான் குறிக்கப்படும். பங்கின் குடும்ப அட்டையில் சேர்ந்து, வசதிக்கேற்ற தொகையைத் தவறாமல் கொடுத்துவர வேண்டும். திருச்சபையின் பொருள்தேவைக்கு உதவுவது மறைக்கல்வி நூல் எண்ணுகிற ஐந்து திருச்சபைக் கட்டளைகளில் ஒன்று. திருமுழுக்கு ஆண்டு நிறைவில் நன்றி கூறும்படி சடங்குமுறையே பரிந்துரைக்கிறது. அதுவரை கேட்பவராகவும் கற்பவராகவும் இருந்துவிட்டு, அதன் பிறகு வாசகம் வாசித்தல், பாடகர் குழு, மறைக்கல்வி வகுப்பில் உதவி ஆகியவற்றில் தமக்குக் கைவருகிற ஒன்றை ஏற்கலாம். 16 வயது நிறைந்து, மூன்று புகுமுக அருட்சாதனங்களையும் பெற்று, அந்தப் பொறுப்புக்கு ஏற்ற வாழ்வு வாழும் எவரும் இன்னொருவருக்கு ஞானப்பெற்றோராக நிற்கலாம் என்பது சட்டம். அந்த அழைப்பு ஒருநாள் புதியவருக்கும் வரும்.