கொலு முன் பிள்ளைகள் கச்சேரி

கொலு பார்க்க வந்தவர்கள் முன்னால் பிள்ளைகளை ஒவ்வொருவராக நிறுத்தி, “ஒரு பாட்டுப் பாடு” என்று கேட்பது வழக்கம். கூச்சப்படும் பிள்ளைக்கு அதிலேயே பாட்டின் மேல் வெறுப்பு வந்துவிடும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் சேர்த்து ஒரே கச்சேரியாக நடத்துங்கள். பாட்டு வகுப்புக்கே போகாத பிள்ளைக்கும் அதில் இடம் உண்டு.

1. சரஸ்வதி பூஜையன்று வாத்தியங்களைப் பூஜையில் வைத்துவிட்டால் விஜயதசமியன்றுதான் எடுப்போம். எனவே அதற்கு முன் வரும் சனி அல்லது ஞாயிறு மாலையைத் தேர்ந்தெடுங்கள்.

2. எல்லோருக்கும் பொதுவான சுருதியை முடிவு செய்யாமல் ஒத்திகையைத் தொடங்க வேண்டாம். சிறுவர், சிறுமியருக்குப் பெரும்பாலும் நாலரையிலிருந்து ஐந்தரைக் கட்டைக்குள் ஒத்துவரும். ஒரு மிருதங்கத்தை எல்லாச் சுருதிக்கும் ஏற்றி இறக்க முடியாது. வாசிக்கும் பிள்ளையிடம் அது எந்தக் கட்டை என்று முன்பே கேளுங்கள். குரல் உடையும் வயதுப் பையன்கள் கீழ் ஸ்தாயியில் பாடட்டும்.

3. செல்போனில் தம்புரா வைப்பதாக இருந்தால் அழைப்பு வராதபடி ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். காலியான பீங்கான் கிண்ணத்தில் போனை நிறுத்தினால் சத்தம் கூடும்.

4. இசையே தெரியாத குழந்தைக்கு கீபோர்டின் கறுப்புக் கட்டைகளைக் கொடுங்கள். நாலரைக் கட்டையை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் ஐந்து கறுப்புக் கட்டைகளும் ச, ரி, க, ப, த. அதாவது மோகன ராகம். குழந்தை எதைத் தொட்டாலும் ராகத்தை விட்டு வெளியே போகாது. பாட்டு கற்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த ‘வரவீணா’ கீதமும் மோகனம்தான். இரண்டையும் சேர்த்துவிட்டால் வீட்டின் மிகச் சிறிய பிள்ளையும் மேடையில் இருக்கும். மிருதங்கம் இடம்கொடுத்தால் கச்சேரி முழுவதையும் நாலரைக் கட்டையிலேயே வைத்துவிடலாம்.

5. மேற்கத்திய முறையில் கீபோர்டு கற்கும் பிள்ளை இருந்தால், முத்துசுவாமி தீட்சிதரின் (1775–1835) நோட்டுஸ்வரங்களே சரியான தேர்வு. ஆங்கிலேயர் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு அவர் அவற்றுக்கு சம்ஸ்கிருத சாகித்யம் எழுதினார். கமகம் இல்லாத சங்கராபரணம் என்பதால் கர்நாடகப் பிள்ளையும் கீபோர்டுப் பிள்ளையும் ஒருவரை ஒருவர் இழுக்காமல் போகலாம். வெள்ளைக் கட்டைகளிலேயே வாசித்து, டிரான்ஸ்போஸ் பட்டனால் பாடும் சுருதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

6. மூன்று பீங்கான் கிண்ணங்கள் இருந்தால் சின்ன ஜலதரங்கம் தயார். தண்ணீர் கூடக் கூட ஸ்வரம் இறங்கும். ச, ப, மேல் ச என்று மூன்றை மட்டும் சேர்த்து, மெல்லிய மரக்குச்சியால் விளிம்பைத் தட்டச் சொல்லுங்கள். கிண்ணங்கள் நகராமலிருக்க அடியில் துணி விரியுங்கள்.

7. மிருதங்கத்தின் தொப்பிக்கு வேண்டிய ரவையைப் பிசைந்து தயாராக வையுங்கள். முடிந்ததும் சுரண்டித் துடைக்காவிட்டால் எறும்பு வரும். வாசிக்கும் பிள்ளை பாடகரின் வலப்பக்கம் உட்கார்ந்தால் வலந்தலை கேட்பவர்களை நோக்கி இருக்கும். கஞ்சிரா என்றால் தோலின் உட்புறம் சில துளி தண்ணீர் தெளித்து, தோல் இளக நேரம் கொடுங்கள்.

8. தாளம் போடும் பிள்ளையை எல்லோர் கண்ணிலும் படும்படி நடுவில் உட்காரவையுங்கள். மற்றவர்கள் அரைவட்டமாக உட்காரட்டும். இந்த வேலையைப் பெரியவர்கள் கையில் எடுக்கக் கூடாது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்து வாசிக்கக் கற்பது இதில்தான்.

9. குக்கர் வைக்கும் வேலையை முன்பே முடித்துவிடுங்கள். டேபிள் ஃபேனை நிறுத்துங்கள்.

10. சுண்டல் கச்சேரிக்குப் பிறகுதான். எண்ணெய்க் கை பட்டால் வயலின் வில்லின் முடியில் ரோசின் பிடிக்காது.

11. முக்கால் மணி நேரம் போதும். சின்னப் பிள்ளைகளின் முறை முதலில் வரட்டும். தூக்கம் வந்தபின் அவர்களைப் பாடவைப்பது பாவம்.

12. நடுவில் யாராவது வரியை மறந்தால் எடுத்துக்கொடுக்காதீர்கள். பக்கத்துப் பிள்ளை எடுத்துக்கொடுக்கும். யார் நன்றாகப் பாடினார்கள் என்ற பேச்சையும் அன்று எடுக்க வேண்டாம். தாம்பூலம் கொடுக்கும்போது கிண்ணம் தட்டிய குழந்தைக்கும், வர்ணம் பாடிய பெண்ணுக்கும் ஒரே பரிசைக் கொடுங்கள்.